36 மாதங்கள்: மருத்துவ அலட்சியமும் நம் மக்களின் இழப்பீட்டு உரிமையும்

(சட்ட விழிப்புணர்வுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"எல்லாம் அவன் தலையெழுத்து. போன உயிர் திரும்பி வரவா போகுது?" நமது சாவு வீடுகளில் இந்த வார்த்தையைக் கேட்காதவர் யாரும் இங்கே இருக்க முடியாது. ஆறுதலுக்காகச் சொல்வது, அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் இரண்டு வருடம் போகும், மூன்று வருடம் போகும். அதே வீட்டிலிருந்து ஒருவர் ஒரு பிளாஸ்டிக் பையைத் தூக்கிக்கொண்டு வழக்கறிஞர் அலுவலகத்துக்கு வருவார். பைக்குள் இறப்புப் பத்திரம், மருந்துச் சீட்டுகள், மந்திரிக்கு எழுதிய கடிதத்தின் நகல், பத்திரிகையில் வந்த செய்தியின் துண்டு எல்லாம் இருக்கும். "கேஸ் போடலாமா சார்?" என்று கேட்பார். நாங்கள் திருப்பிக் கேட்கும் முதல் கேள்வி, "இது என்றைக்கு நடந்தது?" பலருக்கு அந்த ஒரு கேள்வியிலேயே வழக்கு முடிந்துவிடுகிறது.

ஆகவே இன்று காலத்தைப் பற்றித்தான் முதலில் பேசப் போகிறேன்.

நம் மக்களில் பெரும்பாலோர் போவது அரசாங்க மருத்துவமனைக்கு. அரசாங்கத்தின் மீதும் அரசாங்க ஊழியர் மீதும் வழக்குத் தொடுப்பதற்கு 1948-ஆம் ஆண்டின் பொது அதிகாரிகள் பாதுகாப்புச் சட்டம் 36 மாதக் கெடு வைத்திருக்கிறது. அந்தச் சட்டத்தின் பெயரை இன்னொரு முறை கவனியுங்கள். பாதுகாப்பு யாருக்கு? அதிகாரிகளுக்கு. வெள்ளைக்காரன் காலத்தில் வந்த சட்டம், அவன் போனான், சட்டம் இருக்கிறது. தவறு நடந்த நாளிலிருந்து 36 மாதங்கள் கடந்தால், உங்கள் பக்கம் எவ்வளவு நியாயம் இருந்தாலும் அரசாங்கத் தரப்பு வழக்கறிஞர் எழுந்து நின்று ஒரே வரியில் வழக்கைத் தள்ளுபடி செய்யச் சொல்வார். தவறு நடந்ததா இல்லையா என்கிற பேச்சுக்கே அங்கு இடமிருக்காது.

தனியார் மருத்துவமனை என்றால், தீபகற்ப மலேசியாவில் 1953-ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டப்படி ஆறு வருடம். ஆனால் நோயாளி இறந்துவிட்டு, அவரை நம்பியிருந்த குடும்பம் வழக்குத் தொடுக்கிறது என்றால், 1956-ஆம் ஆண்டின் சிவில் சட்டம் இறந்த நாளிலிருந்து மூன்றே வருடம்தான் கொடுக்கிறது. தனியார் மருத்துவமனையாக இருந்தாலும் அப்படித்தான். "பிரைவேட் ஆஸ்பத்திரி, ஆறு வருஷம் இருக்கு" என்று யாரோ சொன்னதை நம்பி உட்கார்ந்திருந்து உரிமையை இழந்த குடும்பங்கள் உண்டு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது எனக்கு ஆத்திரமூட்டும் விஷயம். 2018-இல் நாடாளுமன்றம் காலவரையறைச் சட்டத்தைத் திருத்தியது, 2019 செப்டம்பர் 1-ஆம் தேதி அமலுக்கு வந்தது. சேதம் நடந்தது பிறகுதான் தெரிய வந்தது என்றால், தெரிந்த நாளிலிருந்து மூன்று வருட அவகாசம் உண்டு என்பது திருத்தம். நல்ல திருத்தம்தானே என்று நினைப்பீர்கள். ஆனால் அது உடற்காயம் சம்பந்தப்படாத அலட்சிய வழக்குகளுக்கு மட்டும்! அதாவது, உங்கள் வீட்டுச் சுவருக்குள் மறைந்திருந்த விரிசல் பல வருடம் கழித்துத் தெரிந்தால் சட்டம் இரக்கம் காட்டும். உங்கள் மனைவியின் வயிற்றுக்குள் அறுவை சிகிச்சையின்போது விட்டுவிட்ட துணி பல வருடம் கழித்து எக்ஸ்ரேயில் தெரிந்தால் அந்த இரக்கம் கிடையாது. எதிர்த்தரப்பு வேண்டுமென்றே உண்மையை மூடி மறைத்தது என்று நிரூபித்தால் ஒரு வழி இருக்கிறது. ஆனால் அதை நிரூபிப்பது எவ்வளவு பாடு என்று வழக்கு நடத்தியவர்களுக்குத் தெரியும். பிரசவத்தில் பாதிக்கப்பட்ட குழந்தைகளின் பெற்றோருக்கும் சொல்கிறேன்: "பிள்ளைக்குப் பதினெட்டு வயது ஆகும்வரை டைம் இருக்கு" என்று காப்பிக் கடையில் சொல்வதைக் கேட்டு, அரசாங்க மருத்துவமனை விஷயத்தில் சும்மா இருந்துவிடாதீர்கள். 36 மாதம் என்றே மனதில் வையுங்கள்.

போலீஸ் புகார் செய்தால் காலம் நிற்காது. சுகாதார அமைச்சுக்குக் கடிதம் எழுதினால் நிற்காது. சட்டமன்ற உறுப்பினரோடு நின்று படம் எடுத்துப் பத்திரிகையில் போட்டால் நிற்காது. மருத்துவமனை "விசாரணைக் குழு அமைத்திருக்கிறோம், பொறுங்கள்" என்று சொன்னாலும் நிற்காது. நீதிமன்றத்தில் வழக்குப் பதிவானால் மட்டுமே நிற்கும். நமது சமுதாயத்தில் ஓர் அநியாயம் நடந்தால் முதலில் மகஜர், பிறகு பத்திரிகையாளர் கூட்டம், பிறகு மறதி. 2007-இல் நம் மக்கள் 150 ஆண்டுகாலச் சுரண்டலுக்கு இழப்பீடு கேட்டு லண்டன் நீதிமன்றம்வரை போனார்கள். அதே மக்கள் தன் தாயின் மரணத்துக்கு இழப்பீடு கேட்டுக் கிள்ளான் நீதிமன்றத்துக்குப் போகத் தயங்குகிறார்கள்.

இந்தத் தயக்கத்துக்குச் சரித்திரம் உண்டு. தோட்டத்தில் நமக்கு மருத்துவம் என்றால் டிரஸ்ஸர்தான். அவர் கொடுத்ததே மருந்து, அவர் எழுதினால்தான் விடுப்பு, அவரும் நிர்வாகத்தின் ஆள். அவரைக் கேள்வி கேட்டால் மறுநாள் வேலைக்கும் லயத்து வீட்டுக்கும் ஆபத்து. தோட்டங்கள் போய்விட்டன, அந்தப் பயம் மட்டும் நம்மோடு தாமானுக்குக் குடிவந்துவிட்டது. வெள்ளைக் கோட்டைப் பார்த்ததும் எழுந்து நிற்கிறோம். என்ன ஊசி என்று கேட்பதற்கு நாக்கு வருவதில்லை.

இதைச் சொல்வதால் டாக்டர்களை எதிரிகள் என்று சொல்ல வரவில்லை. நம் பிள்ளைகளே எத்தனையோ பேர் டாக்டர்கள். தூக்கமில்லாமல் வேலை செய்யும் இளம் ஒப்பந்த டாக்டர்கள் 2021 ஜூலை 26-ஆம் தேதி வேலையை விட்டு வெளியே வந்து நின்றதை நாடே பார்த்தது. ஆள் பற்றாக்குறையில் ஒரு வார்டையே ஓர் இளைஞர் தலையில் கட்டிவிட்டு, தவறு நடந்த பிறகு அவரை மட்டும் கை காட்டுவது நியாயமில்லை. அதனால்தான் வழக்கை அரசாங்கத்தின் மீதும் சேர்த்துத் தொடுக்கிறோம். ஊழியர் செய்த தவறுக்கு முதலாளி பொறுப்பு என்பது சட்டம்.

இனி, எது அலட்சியம்? இங்கேதான் பலர் குழம்புகிறார்கள். சிகிச்சை பலிக்காமல் போனது அலட்சியம் ஆகாது. டாக்டர் கடுமையாகப் பேசினார் என்பதும் அலட்சியம் ஆகாது. ஒரு டாக்டர் எந்த அளவு கவனத்தோடு நடந்திருக்க வேண்டுமோ அந்த அளவில் தவறினார், அந்தத் தவறினால்தான் இந்தப் பாதிப்பு வந்தது. இவை இரண்டையும் நீங்கள் நிரூபிக்க வேண்டும். இரண்டாவதுதான் கடினம். தாமதமாகப் பார்த்தார்கள், சரி. சீக்கிரம் பார்த்திருந்தால் பிழைத்திருப்பாரா? இதற்கு இன்னொரு டாக்டர் சாட்சிக் கூண்டில் ஏறிப் பதில் சொல்ல வேண்டும்.

நீண்ட காலமாக நீதிமன்றங்கள் 1957-ஆம் ஆண்டின் ஓர் ஆங்கிலத் தீர்ப்பைப் பின்பற்றின. போலாம் என்பவரின் வழக்கு. "நாங்களும் இப்படித்தான் செய்திருப்போம்" என்று பொறுப்புள்ள வேறு சில டாக்டர்கள் வந்து சொன்னால் போதும், செய்தவர் தப்பித்துக்கொள்ளலாம். டாக்டருக்கு டாக்டர்களே நீதிபதி. 2006 டிசம்பரில் நமது கூட்டரசு நீதிமன்றம் இதில் ஒரு பகுதியை உடைத்தது. சிகிச்சையில் என்னென்ன ஆபத்து இருக்கிறது என்று நோயாளிக்கு எடுத்துச் சொல்லும் கடமையில், போதுமான அளவு சொல்லப்பட்டதா என்பதை நீதிமன்றமே முடிவு செய்யும் என்றது. 2017-இல் அதே நீதிமன்றம் கோட்டைத் தெளிவாகப் போட்டது: ஆபத்தை விளக்குவதில் புதிய அளவுகோல், நோயைக் கண்டறிவதிலும் சிகிச்சை தருவதிலும் பழைய அளவுகோல்தான், ஆனால் வந்து சொல்லும் நிபுணரின் கருத்து தர்க்கத்துக்கு நிற்கிறதா என்று நீதிபதி பார்க்கலாம்.

இது நமக்கு ஏன் முக்கியம்? நம் வயதான தாய்மாரை நினைத்துப் பாருங்கள். தமிழ் மட்டும் தெரிந்தவர். மலாயிலோ ஆங்கிலத்திலோ அச்சடித்த ஒப்புதல் பாரத்தை நீட்டி "இங்கே சைன் பண்ணுங்கம்மா" என்கிறார்கள். அவரும் போடுகிறார், அல்லது பெருவிரல் வைக்கிறார். பிறகு நாம் கேட்டால், "சைன் பண்ணியிருக்காங்களே!" என்கிறார்கள். அறுவை சிகிச்சைக்குச் சம்மதம் கொடுத்தது உண்மை. கவனக்குறைவாகச் செய்வதற்கு யாரும் சம்மதம் கொடுப்பதில்லை, எந்தப் பாரமும் அதற்கு உரிமை தராது. விளங்காத மொழியில் வாங்கிய கையெழுத்தை "விளக்கிச் சொன்னோம்" என்பதற்கு ஆதாரமாகக் காட்டினால், அதை நீதிமன்றத்தில் கேள்வி கேட்க முடியும், கேட்க வேண்டும். கூட இருப்பவர்கள் ஒரு காரியம் செய்யுங்கள். "இதைத் தமிழில் சொல்ல ஒரு நர்ஸைக் கூப்பிடுங்கள்" என்று கேளுங்கள். கேட்ட நேரத்தையும் யாரிடம் கேட்டீர்கள் என்பதையும் எழுதி வையுங்கள்.

எழுதி வையுங்கள் என்பதை நான் திரும்பத் திரும்பச் சொல்வேன். அரசாங்கத்தின் மீது வழக்கு என்றால், எந்த ஊழியரின் தவறு என்று அடையாளம் காட்ட வேண்டிய பொறுப்பு வழக்குத் தொடுப்பவருக்கு இருக்கிறது. "ஒரு சீனப் பெண் டாக்டர், கண்ணாடி போட்டிருந்தார்" என்பதை வைத்துக்கொண்டு வழக்குப் போட முடியாது. சட்டையில் குத்தியிருக்கும் பெயரைப் படியுங்கள். நாள், நேரம், வார்டு எண், யார் வந்தார்கள், என்ன சொன்னார்கள்: ஒரு பள்ளிக்கூட நோட்டுப் புத்தகம் போதும். கைப்பேசியில் உள்ள படங்களையும் வாட்ஸ்அப் செய்திகளையும் அழிக்காதீர்கள்.

அடுத்தது மருத்துவமனைப் பதிவேடுகள். மருத்துவ அறிக்கைக்குக் கட்டணம் கட்டி விண்ணப்பியுங்கள், ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். அறிக்கை என்பது பிறகு உட்கார்ந்து எழுதும் சுருக்கம்தான். நமக்கு வேண்டியது அந்தந்த நேரத்தில் நர்ஸ்கள் குறித்த குறிப்புகள், மருந்து அட்டவணை, பிரசவம் என்றால் குழந்தையின் இதயத் துடிப்பு பதிவான தாள். அந்தத் தாள்தான் பல வழக்குகளின் உயிர்நாடி. துடிப்பு இறங்கியது எத்தனை மணிக்கு, டாக்டர் வந்தது எத்தனை மணிக்கு, ஆபரேஷன் அறைக்குக் கொண்டு போனது எத்தனை மணிக்கு என்பதெல்லாம் அங்கே கிடைக்கும். தர மறுத்தால், வழக்குத் தொடுப்பதற்கு முன்பே ஆவணங்களைக் காட்டச் சொல்லி நீதிமன்ற உத்தரவு கேட்க 2012-ஆம் ஆண்டின் நீதிமன்ற விதிகளில் இடமிருக்கிறது. அதற்கும் நேரம் பிடிக்கும். 36 மாதத்தில் முப்பத்தைந்தாவது மாதம் வந்து நின்றால் எந்த வழக்கறிஞரும் மந்திரவாதி இல்லை.

இப்போது சொல்லப் போவது சங்கடமான விஷயம். மருத்துவமனையில் எதிர்பாராமல் ஒருவர் இறந்தால், அன்றே உடலை வாங்கி மறுநாள் தகனம் செய்துவிடுகிறோம். "அறுத்துப் பார்க்க வேண்டாம், அப்படியே கொடுத்துடுங்க" என்று நாமே கெஞ்சுகிறோம். பெரியவர்களின் மனது எனக்குப் புரிகிறது. ஆனால் தகனம் முடிந்த பிறகு, இறந்ததற்கு என்ன காரணம் என்பதற்கு மருத்துவமனை எழுதிக் கொடுத்த ஒரு வரியைத் தவிர உலகத்தில் வேறு எதுவும் மிஞ்சாது. சந்தேகம் இருந்தால் பிரேதப் பரிசோதனை கேட்பது உங்கள் குடும்பத்தின் முடிவு. அந்த முடிவை எடுக்கக் கிடைப்பது சில மணி நேரம்தான். புதைத்த உடலைத் தோண்டி எடுக்கலாம். சாம்பலிலிருந்து எதையும் எடுக்க முடியாது.

சரி, எவ்வளவு பணம் கிடைக்கும்? இதுதான் எல்லோரும் கேட்க நினைத்துக் கேட்காமல் இருக்கும் கேள்வி. கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

இறந்தவருக்கு: துக்கத்துக்கான இழப்பீடு முன்பு 10,000 வெள்ளி, 2019 செப்டம்பர் முதல் 30,000 வெள்ளி. அதோடு, அவர் சம்பாத்தியத்தில் குடும்பத்துக்கு வந்துகொண்டிருந்த பங்கு. உதாரணமாக, 40 வயது லாரி ஓட்டுநர் மாதம் 2,000 வெள்ளி சம்பாதித்தார், தன் செலவுக்கு 600 போக 1,400 வீட்டுக்குக் கொடுத்தார் என்று வையுங்கள். சட்டம் 60-இலிருந்து வயதைக் கழித்து இரண்டால் வகுக்கச் சொல்கிறது. 10 வருடம். 1,400 பெருக்கல் 12 பெருக்கல் 10, ஆக 168,000 வெள்ளி. முப்பது வயதும் அதற்குக் கீழும் என்றால் 16 வருடக் கணக்கு. 2019-க்கு முன்பு இது 55-இலிருந்து கழிக்கப்பட்டது.

ஆனால் அந்த 2,000 வெள்ளியை யார் நிரூபிப்பது? கையில் ரொக்கமாகச் சம்பளம், சம்பளச் சீட்டு இல்லை, இ.பி.எஃப். கட்டவில்லை, சொக்சோவில் பெயரே இல்லை. முதலாளியைச் சாட்சிக்குக் கூப்பிட்டால் தானே மாட்டிக்கொள்வோம் என்று வரமாட்டார். இப்படித்தான் நம் உழைப்பாளிகள் உயிரோடிருக்கும்போது ஒரு முறையும் இறந்த பிறகு இன்னொரு முறையும் ஏமாற்றப்படுகிறார்கள். இ.பி.எஃப். கணக்கைப் பாருங்கள் என்று நாங்கள் கத்துவது ஓய்வுக்காலத்துக்காக மட்டும் அல்ல.

வீட்டைப் பார்த்துக்கொள்ளும் தாய் இறந்தால்? 1984-இல் செய்த திருத்தத்திலிருந்து, இறப்பதற்கு முன் சம்பாதித்துக்கொண்டிருந்தார் என்று காட்டினால்தான் வருமான இழப்பு. மூன்று பிள்ளைகளை வளர்த்து, மாமியாரைக் குளிப்பாட்டி, விடியற்காலை நான்கு மணிக்கு அடுப்பு மூட்டியவரின் வருமானம், சட்டத்தின் கணக்கில் பூஜ்யம். பள்ளி மாணவன் இறந்தாலும் பூஜ்யம். பிரசவத்தில் இறந்த தாய்மாரின் கணவர்களிடம் இதைச் சொல்ல வேண்டியிருக்கும்போது எந்த வழக்கறிஞருக்கும் வாய் கூசும். இந்தச் சட்டத்தை மாற்றச் சொல்லிக் கேட்பது நமது இயக்கத்தின் வேலை. எந்த இனத்துத் தாய்க்கும் இது பொருந்தும் என்பதால் மற்ற இன அமைப்புகளையும் சேர்த்துக்கொண்டு கேட்க வேண்டும்.

உயிரோடிருந்து முடமானவர்களுக்குத்தான் பெரிய தொகைகள் தீர்ப்பாகின்றன. பிரசவத்தில் மூளை பாதிக்கப்பட்ட குழந்தைக்கு வாழ்நாள் முழுவதற்குமான பராமரிப்பு, உடற்பயிற்சிச் சிகிச்சை, சக்கர நாற்காலி, டயப்பர், பால், வீட்டுக் கழிவறையை மாற்றிக் கட்டும் செலவுவரை கேட்கலாம். தாய் வேலையை விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டால் அந்தப் பராமரிப்புக்கும் மதிப்பு கேட்கலாம். அரசாங்கத் தரப்பு சொல்லும் வழக்கமான பதில்: "அரசாங்க ஆஸ்பத்திரியில் இலவசமாகக் கிடைக்கிறதே, தனியார் செலவு ஏன்?" 2016-இல் கூட்டரசு நீதிமன்றம் இதைப் பரிசீலித்தது. தனியார் செலவில் மூன்றில் ஒரு பங்கு என்று கண்ணை மூடிக்கொண்டு கொடுப்பதை அது ஏற்கவில்லை. தனியாரிடம் போவது நியாயமானது என்று பாதிக்கப்பட்டவர் ஆதாரத்தோடு காட்ட வேண்டும் என்றது. ஆகவே அரசாங்க மருத்துவமனையில் பிசியோதெரபிக்கு எத்தனை வாரம் கழித்துத் தேதி கொடுக்கிறார்கள் என்ற அட்டையையும் சேர்த்து வையுங்கள். ஒரு டயப்பர் பாக்கெட்டின் ரசீதுகூட ஆதாரம்தான்.

தனியார் மருத்துவமனைகள் சொல்லும் பதில் வேறு மாதிரி. "அந்த டாக்டர் எங்கள் ஊழியர் அல்ல, தனி ஒப்பந்தக்காரர், அவரிடம் கேளுங்கள்." கட்டடம் அவர்களுடையது, பில் அவர்களுடையது, விளம்பரம் அவர்களுடையது, தவறு மட்டும் இன்னொருவருடையதாம். 2024 பிப்ரவரியில் கூட்டரசு நீதிமன்றம் இந்தக் கதவை மூடியது. தொண்டையில் ஒரு சாதாரண அறுவை சிகிச்சைக்குப் பிறகு இரத்தக் கசிவோடு வந்து, மூளை நிரந்தரமாகப் பாதிக்கப்பட்ட ஒருவரின் வழக்கு அது. நோயாளியிடம் மருத்துவமனைக்கும் நேரடிக் கடமை உண்டு, அதை டாக்டர் தலையில் தள்ளிவிட்டு நழுவ முடியாது என்று தீர்ப்பாயிற்று. அவர் சிகிச்சைக்குச் சென்றது 2010-இல். இறுதித் தீர்ப்பு 2024-இல். வழக்கு நடத்தப் போகிறவர்கள் இந்த இரண்டு வருடங்களையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

செலவைப் பற்றி ஒளிக்காமல் சொல்கிறேன். வழக்கறிஞர் கட்டணத்தைவிட நிபுணர் சாட்சிதான் பெரிய செலவு. உள்ளூர் டாக்டர்கள் சக டாக்டருக்கு எதிராகச் சாட்சி சொல்லத் தயங்குவார்கள், வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டியிருக்கும். தோற்றால் எதிர்த்தரப்பின் செலவிலும் ஒரு பகுதியைக் கட்டச் சொல்லலாம். ஆகவே முதலில் பதிவேடுகளை எடுத்து ஒரு நிபுணரிடம் காட்டி, "வழக்கு நிற்காது" என்று அவர் சொன்னால் அதை ஏற்றுக்கொள்ளுங்கள். "நிற்காது" என்று சொல்லும் வழக்கறிஞர்தான் உங்களுக்கு வேண்டியவர். வார்டு வாசலிலும் கேன்டீனிலும் "ஒரு காசும் வேண்டாம், ஜெயிச்சா முப்பது பெர்சென்ட் குடுங்க" என்று வரும் கேஸ் புரோக்கர்களை நம்பாதீர்கள். வெற்றிபெற்றால் மட்டும் கட்டணம், இழப்பீட்டில் பங்கு என்று வழக்கறிஞர் ஒப்பந்தம் போடுவதை 1976-ஆம் ஆண்டின் வழக்கறிஞர் தொழில் சட்டம், 112-ஆவது பிரிவு தடை செய்கிறது. எழுதாத தாளில் கையெழுத்துக் கேட்பவனிடம் உங்கள் அடையாள அட்டை நகலைக்கூடக் கொடுக்காதீர்கள்.

மலேசிய மருத்துவ மன்றத்தில் புகார் கொடுப்பது வேறு, இழப்பீட்டு வழக்கு வேறு. மன்றம் டாக்டரைக் கண்டிக்கலாம், தற்காலிகமாக நிறுத்தி வைக்கலாம், பதிவிலிருந்து பெயரையே நீக்கலாம். உங்களுக்கு ஒரு காசு தராது. இரண்டையும் செய்யலாம். முதலாவதன் முடிவு வரட்டும் என்று இரண்டாவதைத் தள்ளிப்போடாதீர்கள்.

இங்கே ஓர் அம்மா எழுந்து, "ஒரு வெள்ளி கட்டிப் பார்க்கிற ஆஸ்பத்திரி மேல கேஸ் போடுறது நன்றி கெட்டத்தனம் இல்லையா தம்பி?" என்று கேட்டார். நல்ல கேள்வி அம்மா. அந்த ஒரு வெள்ளிக்குப் பின்னால் உங்கள் கணவர் ரப்பர் வெட்டிய காலத்திலிருந்து நாம் கட்டிய வரி இருக்கிறது. அது தர்ம ஆஸ்பத்திரி இல்லை. கட்டணம் ஒரு வெள்ளியானாலும் ஒரு லட்சமானாலும் டாக்டரின் கவனம் ஒரே அளவுதான் இருக்க வேண்டும், சட்டத்தில் ஏழைக்கு ஓர் அளவு என்று கிடையாது.

இன்னொருவர் கூட்டம் முடியும் நேரத்தில் தயங்கித் தயங்கி வந்து கேட்டதையும் இங்கே எழுதுகிறேன், அவரைப் போல் பலர் இருப்பதால். தங்கைக்கு நீல அடையாள அட்டை இல்லை, வெளிநாட்டவர் கட்டணத்தில் பில் போட்டிருக்கிறார்கள், அந்தக் கடன் நிற்கிறது, வழக்குப் போட்டால் குடியுரிமை விண்ணப்பம் கெட்டுவிடுமோ என்று பயம். மருத்துவ அலட்சியத்துக்கு இழப்பீடு கேட்கக் குடியுரிமை ஒரு நிபந்தனை அல்ல. கட்டாத பில் இருக்கிறது என்பதற்காக வழக்குத் தொடுக்கும் உரிமை போய்விடாது. அவர்கள் பில்லுக்குக் கேட்கட்டும், நாம் பாதிப்புக்குக் கேட்போம். குடியுரிமை விண்ணப்பக் கோப்பையும் இந்தக் கோப்பையும் தனித்தனியாக வைத்துக்கொண்டு, இரண்டுக்கும் ஆலோசனை கேட்டு வாருங்கள். அவருடைய 36 மாதத்தில் பதினான்கு மாதம் ஏற்கனவே போய்விட்டது.